கண்ணாடி போடாமல் கண்டது

தம்பி,

இது உன் கையில் கிடைக்கிற நேரம் நீ பயணப் பெட்டிகளை நிறுத்துப் பார்த்துக்கொண்டு நிற்பாய். என் பேத்தி ஆரணிக்குத் தடித்த சட்டைகள் வேண்டாம், இங்கே கண்டிப் பக்கம் பிலிமத்தலாவையில் இப்போது மழைதான், குளிர் இல்லை, ஒரு குடை போதும் என்று தொலைபேசியில் சொன்னேன். சொல்ல வேண்டிய மற்றதை விழுங்கிவிட்டேன். தொலைபேசியில் அதைச் சொல்ல எனக்குத் துணிவு வராது. குரல் கொஞ்சம் தடுமாறினாலே நீ "அம்மா, சுகமில்லையோ?" என்பாய், நான் "தடிமன் ராசா" என்பேன், கதை அங்கேயே முடிந்துவிடும். கால் நூற்றாண்டாக அப்படித்தான் முடிந்துகொண்டிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே உனக்கு. இதையாவது தொடக்கத்திலிருந்து படி. நடுவில் நிறுத்தி எனக்குத் தொலைபேசி எடுக்காதே.

வலது கண்ணில் வெண்புரை எடுத்தது உனக்குத் தெரியும். அதன் பிறகு நடந்தது தெரியாது. கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த அன்று கதிரையில் சாய்ந்துகொண்டு சுவரைப் பார்த்தேன். சுவர் வெள்ளையாக இருந்தது. போன பொங்கலுக்கு முன் இந்த அறைக்குப் பெயின்ட் அடிக்க வந்த மனிதரோடு நான் பிடித்த சண்டையை உன்னிடமும் சொல்லி முறையிட்டேன், நினைவிருக்கிறதா? "வெள்ளை அடிக்கச் சொன்னால் மஞ்சளைக் கலந்து அடிச்சிருக்கிறீர், எனக்குக் கண் தெரியாதெண்டு நினைச்சீரோ?" என்று கேட்டேன். அந்த மனிதர் பெயின்ட் வாளியையே தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். எனக்கு வாளியும் மஞ்சளாகத்தான் தெரிந்தது. பாவம், வாய் பேசாமல் இன்னொரு தரம் அடித்துவிட்டுப் போனார். அதையும் மஞ்சள் என்றேன். இப்போது வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தால் சுவர் மஞ்சள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் பார்த்தால் வெள்ளை. இரண்டும் என் கண்தான். இரண்டும் சத்தியம் பண்ணுகின்றன. அன்று பின்னேரம் முழுக்க ஒரு பைத்தியக்காரியைப் போலக் கண்ணை மாற்றி மாற்றிப் பொத்திக்கொண்டு அந்தச் சுவரையே பார்த்தபடி இருந்தேன். அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்க அவர் வீட்டைத் தேடிப் போனேன். வேலையாகக் கம்பளைக்குப் போய்விட்டார் என்றார்கள். வரட்டும், கேட்பேன். அது சின்னக் கடன். பெரியதைத்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் மாறி மாறி விஞ்ஞானம் படிப்பித்தவள். கண் பற்றிய பாடம் வந்தால் எனக்குக் கொண்டாட்டம். கண்ணுக்குள் உருவம் தலைகீழாகத்தான் விழுகிறது, அதை நிமிர்த்துவது மூளை என்று சொன்னதும் பிள்ளைகள் "பொய் டீச்சர்!" என்று கத்துவார்கள். பிறகு குருட்டிடம். ஒரு தாளில் பெருக்கல் குறி போல ஒரு புள்ளடியும் கொஞ்சம் தள்ளி ஒரு கறுப்புப் பொட்டும் போடச் சொல்லி, ஒரு கண்ணைப் பொத்தி, புள்ளடியையே பார்த்தபடி தாளைக் கிட்டக் கொண்டுவரச் சொல்வேன். ஓர் இடத்தில் பொட்டு காணாமல் போகும். அந்த இடத்தில் ஓட்டை தெரியாது. வெறும் வெள்ளைத் தாள்தான் தெரியும். "கண் காணாத இடத்தை மனம் தானே இட்டு நிரப்பிவிடும், நிரப்பினதென்று உங்களுக்குச் சொல்லவும் மாட்டாது" என்று ஒவ்வொரு வருடமும் சொன்னேன். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டவும் செய்தேன். ஊருக்குத்தான் உபதேசம். கரும்பலகையைத் துடைத்ததோடு அதை நானும் துடைத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆரணி உன்னிடமிருந்து தொலைபேசியைப் பறித்துக்கொண்டு என்னோடு பேசினாளே, அவள் என்ன கேட்டாள் தெரியுமா? "அப்பம்மா, எங்கட வீட்டைக் காட்டிக் குடுத்த பச்சைச் சீலை ஆன்ரி இன்னும் பக்கத்து வீட்டிலயோ இருக்கிறா? எனக்குப் பயமாக் கிடக்கு. நான் கண்ணை மூடினால் அவவின்ர கை தெரியுது." ஐந்து வயதுப் பிள்ளை. கனடாவில் பிறந்தவள். கண்டியை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்கமாட்டாள். அவள் கண்ணை மூடினால் பக்கத்து வீட்டு நந்தாவின் கை தெரிகிறதாம். நான் பதில் சொல்வதற்குள் நீ வாங்கிவிட்டாய். "ஓம் அம்மா, பிள்ளைக்குச் சொல்லித்தானே வளர்க்கவேணும். வந்த உடன நானும் அவவை ஒருக்கா நேருக்கு நேர் கேக்கப்போறன். நான் என்ர கண்ணால கண்டது" என்றாய். நான் குடையைப் பற்றிப் பேசினேன்.

தம்பி, நீ அதைக் காணவில்லை. அன்று நீ அந்த இடத்திலேயே இல்லை.

எண்பத்து மூன்று ஆடியில் உனக்கு நாலு வயது. ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும் செய்து நந்தாவுக்கும் கொடுத்திருந்தோம். அவளுக்கு நம்முடைய ஆடிக்கூழ் என்றால் உயிர். "அக்கே, இதில் என்ன போடுவீங்க?" என்று ஒவ்வொரு வருடமும் கேட்பாள், ஒவ்வொரு வருடமும் மறந்துபோவாள். அடுத்த கிழமையே கொழும்பில் கலவரம் என்ற செய்தி வந்தது. மறுநாள் கண்டியில் கடைகள் எரிகின்றன என்றார்கள். அப்பா வேலைக்குப் போன பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டார். நம்முடைய வீடு எப்படி இருந்ததென்று உனக்குத் தெரிந்திருக்காது, சொல்கிறேன். பெரிய வீதியிலிருந்து பிரிந்து வருகிற ஒழுங்கையில் நம்முடைய வீடும் நந்தாவின் வீடும் பக்கத்துப் பக்கத்தில். பின்பக்கம் காணி சரிந்து ஒரு சின்ன ஓடையில் போய் முடியும். ஓடைக்கு அந்தக் கரையில் யாரோ கைவிட்ட கோப்பிச் செடிகள். வீட்டுக்கு முன்னால் ஒழுங்கை, அதைத் தாண்டி மலைக்கு ஏறிப் போகிற மேல் வீதி. இன்றும் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. வீடு மட்டும் புதிது.

பத்து மணி இருக்கும். பெரிய வீதியில் சத்தம் கேட்டது. அப்பா கேற்றில் இருந்த தன் பெயர்ப் பலகையைக் கழற்றினார். நான் முன் அறையில் இருந்த சாமிப் படங்களை எடுத்து அரிசிச் சாக்குக்குள் வைத்தேன். தாலியைக் கழற்றிச் சட்டைக்குள் செருகினேன். உன் நெற்றியில் இருந்த திருநீற்றைத் துடைத்தேன். பிறகு குசினித் தண்ணீர்க் குழாயடியில் நின்று கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு என் பொட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அந்த நேரம் பின் வேலியில் நந்தா வந்து நின்றாள். அவள் கணவர் கம்பளையில் வேலை பார்த்தார், அவள் வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். "புள்ளையை இங்க தாங்க. அவன் வாயைத் திறந்தா சிங்களம்தான் வரும், என் புள்ளைன்னு சொல்லிக்குவேன். நீங்க ரெண்டு பேரும் ஓடைக்கு அந்தப் பக்கம் போங்க" என்றாள். நீ அவள் வீட்டில் புழங்கித்தான் பேசவே பழகினாய், உனக்கு முதலில் வந்த மொழியே சிங்களம். வேலிக்கு மேலால் உன்னைத் தூக்கிக் கொடுத்தேன். நீ அழவும் இல்லை. அவள் இடுப்பில் ஏறி இருந்துகொண்டாய். நானும் அப்பாவும் ஓடையைக் கடந்து கோப்பிச் செடிக்குள் போய்ப் படுத்தோம். என் கண்ணாடி குழாயடியிலேயே இருந்துவிட்டது.

கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு எவ்வளவு தெரியும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கலண்டரில் இருக்கிற சாமி பிள்ளையாரா முருகனா என்று தும்பிக்கையை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன் என்று நீயே பகிடி பண்ணுவாய். அந்தக் கண்ணோடு ஓடைக்கு அந்தக் கரையில் படுத்திருந்து நான் இரண்டு வீட்டுக்கும் நடுவால் மேலே பார்த்தேன். ஒழுங்கையில் ஆட்கள் கும்பலாக வந்தார்கள். நந்தாவின் கேற்றடியில் ஒரு பெண் உருவம் நின்றது. அந்த உருவம் கையைத் தூக்கிக் காட்டியது. கை நம்முடைய வீட்டுப் பக்கம் நீண்டது. கொஞ்ச நேரத்தில் நம்முடைய கூரையில் புகை வந்தது. நான் கண்டது இவ்வளவுதான். அப்பா முகத்தை மண்ணில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார், அவர் ஒன்றும் காணவில்லை. "நந்தா காட்டிக் குடுத்திட்டாளப்பா" என்று அவர் காதுக்குள் சொன்னேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தப் பேய்க்கு நான் ஒரு முகமும் பெயரும் வைத்தேன்.

ஒன்றை யோசித்துப் பார். நாங்கள் எங்கே ஒளித்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும், அங்கே போகச் சொன்னதே அவள்தான். காட்டிக் கொடுக்க நினைத்தவள் வெறும் வீட்டையா காட்டுவாள்? பெற்ற பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தவள் நான். இந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு எவ்வளவு படிப்பு வேண்டும்? ஆனால் மனம் லேசுப்பட்டதல்ல. பிள்ளையை வைத்திருந்தது பரிதாபத்தில், வீட்டைக் காட்டியது பொறாமையில் என்று உடனே ஒரு விளக்கம் கொண்டுவந்து தந்தது. பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனோம். நீ அவள் பாயில் படுத்து நித்திரை. வாயோரத்தில் பருப்புக் கறி காய்ந்திருந்தது. எங்களைப் பொலிஸ் வாகனத்தில் ஏற்றும்போது அவள் மூன்று சோற்றுப் பார்சல் தந்தாள். அப்பா சாப்பிட்டார், நீ சாப்பிட்டாய். நான் என்னுடையதைத் தொடவில்லை. அகதிகளாகப் பாடசாலை மண்டபத்தில் இருந்த நாட்கள் முழுக்க நீ என் மடியில், என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் கிடந்தாய்.

இனி எழுதப்போவதை அப்பாவுக்கும் நான் சொன்னதில்லை. சில நாட்கள் கழித்து, மிஞ்சினது ஏதும் இருந்தால் எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பொலிஸ்காரர் எங்களைக் கூட்டிப் போனார்கள். கண்ணாடி குழாயடியில் அப்படியே கிடந்தது, ஒரு பக்கம் மட்டும் வெடித்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு முன்பக்கம் வந்தேன். கதவு எரிந்து விழுந்திருந்தது. நிலை பாதி கருகி நின்றது. மேல் நிலையில், ஆடிப்பிறப்பன்று நான் மஞ்சள் பூசி வைத்த குங்குமப் பொட்டுகள் வரிசையாக, நேற்று வைத்தது போல இருந்தன. வீட்டில் எல்லாருடைய நெற்றியையும் துடைத்தேன், வீட்டின் நெற்றியை மறந்துபோனேன். அந்தப் பொட்டின் கீழால் நாளுக்கு எத்தனை தரம் வந்து போனேன்! நாளாந்தம் காண்பதைக் கண் காண்பதில்லை, அது குருட்டிடத்தில் விழுந்த பொட்டு. ஆனால் அந்த ஒழுங்கைக்கு அன்றுதான் முதன்முதலாக வந்தவனுக்கு அதைவிட வேறு அடையாளம் தேவையா? அப்பா பின்பக்கம் அலுமாரியின் சாம்பலைக் கிளறிக்கொண்டு நின்றார். அவர் வருவதற்குள் நான் எட்டிச் சேலைத் தலைப்பால் அந்தப் பொட்டுகளைத் தேய்த்து அழித்தேன். ஏன் அழித்தாய் என்று கேட்டால், வெட்கம், பயம் என்று ஏதாவது சொல்லலாம். உண்மை என்னவென்றால், அழித்து முடித்த பிறகு நந்தா காட்டிக் கொடுத்தாள் என்பதை நான் முன்னைவிட உறுதியாக நம்பினேன்.

பிறகு யாழ்ப்பாணம் போனோம். பெரியம்மா வீட்டில் வந்து போனவர்கள் எல்லாரும் கேட்டார்கள், நான் எல்லாருக்கும் சொன்னேன். முதலில் "ஒரு பொம்பிளை கை காட்டினாள்" என்று சொன்னேன். பிறகு "நந்தா கை காட்டினாள்" ஆகியது. பிறகு அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள் என்றும் சேர்ந்தது. நான் வேண்டுமென்று சேர்க்கவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே தெளிவாகத் தெரியத் தொடங்கியது, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்ததைப் போல. கண்ணாடி இல்லாமல் இருந்ததை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை. நீ அவள் வீட்டில் சோறு தின்று நித்திரை கொண்டதையும் சொல்லவில்லை, அதைச் சொன்னால் கதை நொண்டும். நான் சொல்லுகிற நேரமெல்லாம் நீ என் மடியில்தான் இருந்தாய். ஒருநாள் புதிதாக வந்த ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேற்றடியில் நந்தா நின்றாள் என்று நான் மூச்சு வாங்கியபோது நீ தலையை நிமிர்த்தி, "பச்சைச் சீலை" என்றாய். "பச்சைச் சீலை கட்டிக்கொண்டு நிண்டவ. நான் கண்டனான்." "இந்த வயசில பிள்ளைக்கு என்ன ஞாபகசக்தி!" என்றார் பெரியம்மா. "எல்லாத்தையும் கண்டிருக்கிறான், பாவம்" என்று உன் தலையைத் தடவினார். எனக்கு, சொல்ல நாக் கூசுகிறது, பெருமையாக இருந்தது. இல்லை ராசா, நீ அங்கே இருக்கவில்லை என்று ஒரு வசனம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. அடுத்த முறை சொல்லும்போது பச்சைச் சேலையையும் சேர்த்துச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அது உன் கதை ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்தபோதும், இடம்பெயர்ந்து நடந்தபோதும், பதினேழு வயதில் உன்னை மாமாவோடு கனடாவுக்கு அனுப்பினபோதும் அது உன்னோடு இருந்தது. அப்பாவுக்கு மறுபடி கண்டிக்கு மாற்றம் கிடைத்து, இதே காணியில் வீடு கட்டலாம் என்று அவர் சொன்னபோது நான் சம்மதித்தேன். நந்தா ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் மரக்கட்டை போல நின்றேன். அதிலிருந்து சித்திரை வருடப்பிறப்புக்கு அவள் பாற்சோறு தருவாள், பொங்கலுக்கு நான் பொங்கல் கொடுப்பேன், இருவரும் சிரிப்போம். ஒருநாளும் நான் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஏதாவது பதில் சொல்லிவிடுவாளே! பதில் வந்தால் என் வன்மத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அது போனால் மிஞ்சுவது அந்த நிலையும் பொட்டும்தான்.

அப்பாவுக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். கடைசி வருத்தத்தில் கிடக்கும்போது நந்தா அவருக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு என்னைப் பார்த்து, "நீர் அண்டைக்குக் கண்ணாடி போட்டிருந்தனீரோ?" என்று கேட்டார். "எண்டைக்கு?" என்றேன். "ஒண்டுமில்லை" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய செத்த வீட்டுக்கு நீ வந்தாய். வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, நந்தா அவ்வளவு பேருக்கும் சமைத்துக்கொண்டு வந்தாள். அவள் உன் முன்னால் வந்து "புத்தா" என்று, மகனே என்று, கையைப் பிடிக்க வந்தபோது நீ கையை இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாய். பிறகு உள்ளே வந்து, "அவளின்ர சாப்பாடு எனக்கு வேண்டாம்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாய். அவளுக்கும் கேட்டது. அவளுக்குத் தமிழ் நன்றாக விளங்கும். நான் அப்பாவின் காலடியில் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. பிறகு அவளே என்னிடம் வந்து, "தகப்பன் போன துக்கம், பாவம் புள்ளை" என்று உனக்காகச் சமாதானம் சொன்னாள். உன்னை நான் குறை சொல்லவில்லை. அன்று இழுத்துக்கொண்டது உன் கை என்றாலும் இழுத்தவள் நான்.

இப்போது வலது கண்ணுக்கு நாளுக்கு நாலு தரம் மருந்து விட வேண்டும். எனக்குத் தனியாக விட வராது, கண் தானாக மூடிக்கொள்ளும். நந்தாதான் வருகிறாள். என்னைக் கதிரையில் இருத்தி, தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு விரலால் இமையை விரித்துப் பிடித்து, "அக்கே, மூடாதீங்க, மூடாதீங்க" என்று சொல்லிக்கொண்டு ஒரு துளி விடுவாள். அந்தக் கைதான். கறிவேப்பிலையும் சவர்க்காரமும் மணக்கிற கை. நீ தொலைபேசியில் அப்படிச் சொன்ன அடுத்த நாள், அந்தக் கை என் கண்ணுக்கு மேலே இருக்கும்போது கேட்டுவிட்டேன். "நந்தா, அன்றைக்குக் கேற்றடியில் நின்று அவங்களுக்கு எங்கே கை காட்டினாய்?" அவள் திகைக்கவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவளைப் போலச் சொன்னாள். "மேல் ரோட்டைத்தான் காட்டினேன். விடியவே மலைக்கு ஏறிப் போயிட்டாங்கன்னு சொன்னேன். நம்பிட்டாங்க அக்கே, எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினாங்க. ஒருத்தன் மட்டும் ஓடும்போது திரும்பிப் பார்த்தான். உங்க கதவு மேலே பொட்டு இருந்திச்சே." மருந்துப் போத்தலை மூடினாள். "தினம் பார்த்த பொட்டுதான். அன்னைக்கு என் கண்ணுல படலையே! பட்டிருந்தா ஒரு ஈரத் துணியால துடைச்சிருப்பேன். அதை நினைச்சா இன்னைக்கும் எனக்குச் சோறு இறங்காது. என்னாலதான் உங்க வீடு போச்சு அக்கே." மருந்து வழிகிறதென்று நினைத்து என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். ஏன் கேட்டீங்க என்று அவள் கேட்டதற்கு, சும்மா என்றேன். அவ்வளவுக்கும் பிறகும் சும்மா என்றுதான் என் வாயில் வந்தது.

அடுத்த நாள் காலையில் மழை விட்டிருந்தது. தடியை ஊன்றிக்கொண்டு ஓடையைக் கடந்து கோப்பிச் செடியடிக்குப் போனேன். படுக்க முடியவில்லை, குந்தி இருந்து பார்த்தேன், இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு. நந்தா தன் கேற்றடியில் கூட்டிக்கொண்டு நின்றாள். அங்கிருந்து பார்த்தால் நம்முடைய வீட்டுக் கூரையும் அதற்குப் பின்னால் ஏறிப் போகிற மேல் வீதியும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகத்தான் தெரிகின்றன. மேல் வீதியை யார் கை நீட்டிக் காட்டினாலும் கீழே இருந்து பார்ப்பவருக்கு வீட்டைக் காட்டுவது போலத்தான் இருக்கும். இவ்வளவுதான் விஷயம். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். எந்தக் காலையிலும் வந்து பார்த்திருக்கலாம். பிள்ளைகளுக்குச் செய்து பார், செய்து பார் என்று சொன்னவள் இதைச் செய்து பார்க்கவில்லை. நந்தா என்னைக் கண்டுவிட்டு, "அங்க என்ன அக்கே செய்றீங்க, விழுந்திடப் போறீங்க!" என்று கத்தினாள். அந்த நேரம் எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

மனம் பொல்லாதது, கண்ணை நம்பாதே என்று உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அருகதை இல்லை. கண் பாவம், அதற்குத் தெரிந்ததை அது கொண்டுவந்து கொடுத்தது. மங்கலாகத் தெரிகிறது என்று நேர்மையாகத்தான் சொன்னது. மங்கலைத் துலக்கி எழுதியது என் பயம், எழுதினதை அழியவிடாமல் காத்தது என் குற்ற உணர்ச்சி. உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். வன்னியில் இப்போதும் சண்டை நடக்கிறது, இரண்டு பக்கத்திலும் எத்தனையோ தாய்மார் மடியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கண்டதையும் காணாததையும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நமக்கு நடந்தது நடந்ததுதான். வீட்டை எரித்தார்கள், அது பொய்யில்லை, அதை ஆரணிக்குச் சொல்லத்தான் வேண்டும். சொல்லும்போது, எது உன் கண் கண்டது, எது அம்மா சொன்னது என்று பிரித்துச் சொல். எனக்கு அதைச் செய்யத் தெரியாமல் போய்விட்டது.

நந்தாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீ வந்த பிறகு, உன்னையும் வைத்துக்கொண்டு, சிங்களத்திலேயே சொல்லலாம் என்று இருக்கிறேன். அவள் இனிமேல் மருந்து விட வராமல் போகலாம். அதற்கும் நான் ஆயத்தம். நீ அவளை நேருக்கு நேர் கேட்கப் போவதாகச் சொன்னாய் அல்லவா, அந்தக் கேள்வியை என்னிடம் கேள். அவளிடம் போனால் அவள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல். அவள் கேட்கப்போவது ஒன்றைத்தான்: "பத் கேவத புத்தா?" சோறு சாப்பிட்டாயா என்று. இந்த முறை சாப்பிடு.

ஆரணிக்கு நீ எப்படிச் சொல்வாயோ தெரியாது. கண்ணை மூடினால் தெரிகிற அந்தக் கை, ஆட்களை வேறு வழியில் அனுப்பின கை என்று சொல். பச்சைச் சேலை யாருடையது என்று கேட்பாள், அவள் லேசில் விடமாட்டாள். நந்தா வீட்டில் சேலை கட்டுகிறவள் இல்லை, இடுப்பில் சுற்றுகிற துணியும் சட்டையும்தான். அன்று பச்சைச் சேலை கட்டியிருந்தது நான், தம்பி. மண்டபத்தில் நாட்கணக்காக நீ முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்த சேலை. அந்த வீட்டிலிருந்து எங்களோடு வந்த ஒரே உடுப்பு என்பதால் எறியாமல் வைத்திருக்கிறேன். நேற்று அலுமாரியைத் திறந்து எடுத்து, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். கறை என்றைக்கோ போய்விட்டதென்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். போகவில்லை. தலைப்பில் மஞ்சளும் குங்குமமும் அப்படியே இருக்கின்றன.

அம்மா